பின்பக்க ஆயில் சீல் ஒழுகினால்: எண்ணெய் ஊற்றி ஓட்டுவதா, கியர்பாக்ஸை இறக்குவதா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டிலிருந்து லாசா பக்கம் செம்பனை வைத்திருக்கும் சிறுதோட்டக்காரர்களிடமும், தோட்டத்து வேலைகளைக் குத்தகைக்கு எடுத்துச் செய்கிறவர்களிடமும் 2005க்குப் பிறகு வந்த டொயோட்டாவின் டீசல் ஹைலக்ஸ் பிக்கப்பைப் பரவலாகப் பார்க்கலாம். பத்துப் பதினைந்து ஆண்டுகள் மேட்டிலும் செம்மண் பாதையிலும் உழைத்த பிறகு, எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் அடியில் கரிய எண்ணெய் சொட்டத் தொடங்குவது இவ்வகை வண்டிகளில் அபூர்வமான குறை அன்று. போமன் (பட்டறை மெக்கானிக்) குனிந்து பார்த்துவிட்டு, "பின் சீல் போச்சுண்ணே, கியர்பாக்ஸ இறக்கணும்" என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார். அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்த ஒரு வரிக்குள் வண்டிக்காரர் தேர்ந்தெடுக்க வேண்டிய வழிகள் நான்கைந்து இருக்கின்றன. ஒவ்வொன்றின் செலவும் பயனும் ஆபத்தும் வேறு வேறு. அவற்றை 2.5 லிட்டர் டீசல் எஞ்சின் கொண்ட, கைக்கியர், நான்கு சக்கர இயக்க ஹைலக்ஸை முன்னால் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பழுதில் சீலின் விலையை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. சீல் சில பத்து ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் பொருள். அதை எட்டுவதற்கான கூலிதான் சில நூறு ரிங்கிட்டில் போய் நிற்கும். ஆகவே கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. சீல் ஏன் ஒழுகுகிறது? கியர்பாக்ஸை இறக்கினால் அதே கூலியில் வேறு எவற்றையெல்லாம் முடித்துக்கொள்ளலாம்? இவ்விரண்டுக்கும் விடை தெரியாமல் சீலை மட்டும் மாற்றுகிறவர் அதே கூலியை மறுபடியும் கொடுக்கும்படி ஆகலாம்.

சீல் இருக்கும் இடம்

எஞ்சினின் கிராங்க் தண்டு பின்புறமாக வெளியே வந்து ஃப்ளைவீலைப் பிடித்துக்கொள்கிறது. அது வெளியே வரும் துளையில் எண்ணெய் வழியாமல் தடுப்பதுதான் பின்பக்க ஆயில் சீல். ஹைலக்ஸ் எஞ்சினில் இது ஒரே வட்டமாக அமைந்த சீல். எஞ்சின் பிளாக்கின் பின்முகத்தில் போல்ட் போட்டு முடுக்கிய ஓர் அலுமினியத் தாங்கியில் அமர்ந்திருக்கும். சீலின் உதடு சுழலும் தண்டின் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மீது உரசி நிற்கிறது. அதைத் தண்டோடு அழுத்திப் பிடிக்க உட்புறத்தில் ஒரு சுருள் கம்பி உண்டு. ஆண்டுக் கணக்கில் சூடுபட்டால் ரப்பர் இறுகிக் கண்ணாடிபோல் ஆகிவிடும். இறுகிய உதட்டால் தண்டின் நுண்ணிய ஆட்டத்தைப் பின்தொடர முடியாது. அந்த இடைவெளியில் எண்ணெய் நழுவுகிறது.

சீல் செய்யப்படும் பொருளும் ஒன்றல்ல. சாதாரண நைட்ரைல் ரப்பர் தொடர்ந்து 100 டிகிரி செல்சியஸுக்கு மேல் தாக்குப்பிடிக்காது. ஃப்ளோரோ ரப்பர் 200 டிகிரி வரை தாங்கும். சுருள் கம்பி இல்லாமல், அகன்ற தட்டையான உதடு கொண்ட டெஃப்லான் வகையும் புதிய எஞ்சின்கள் பலவற்றில் வருகிறது. கடையில் ஒரே அளவில் இரண்டு சீல் கிடைத்து, ஒன்று மற்றதைவிடப் பாதி விலையாக இருந்தால், வேறுபாடு பெரும்பாலும் இந்தப் பொருளில்தான் இருக்கும்.

முதலில், அது பின் சீல்தானா?

வழிகளை ஒப்பிடுவதற்கு முன்னால் இதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஓடும் வண்டியில் காற்று எண்ணெயைப் பின்னுக்குத் தள்ளுகிறது. புவியீர்ப்பு கீழே இழுக்கிறது. ஆகவே எஞ்சினின் எந்த மூலையில் ஒழுகினாலும் எண்ணெய் கடைசியில் வந்து சேருவது அந்தப் பின்பக்க அடிமூலைக்குத்தான். வால்வ் மூடியின் பின்புற ரப்பர், எண்ணெய் அழுத்த சுவிட்ச், டர்போவிலிருந்து எண்ணெய் திரும்பி இறங்கும் குழாய், சம்ப் எனும் அடி எண்ணெய்த் தொட்டியின் பின்விளிம்பு ஆகிய எல்லாமே பின் சீலின் மேல் பழியைப் போடக்கூடியவை. இவற்றில் பெரும்பாலானவற்றைக் கியர்பாக்ஸை இறக்காமலேயே சரிசெய்துவிடலாம் என்பதால், தவறான கணிப்பு இங்கே நேரடியாகப் பண நட்டம்.

நிறமும் மணமும் முதல் சாட்சிகள். டீசல் எஞ்சினின் மினியாக் ஹீத்தாம், அதாவது எஞ்சின் எண்ணெய், கன்னங்கரேல் என்று இருக்கும். கியர் எண்ணெய் அவ்வளவு கறுக்காது. அதன் கந்தக நெடியை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். கியர்பாக்ஸின் முன்தண்டு சீல் ஒழுகினாலும் எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்திலுள்ள கிளட்ச் கூடான அதே பெல் ஹவுசிங்கின் அடித்துளை வழியாகத்தான் சொட்டும். அதை எஞ்சின் சீல் என்று எண்ணி மாற்றினால் ஒழுக்கு அப்படியே இருக்கும். ஆட்டோ கியர் வண்டியில் சொட்டுவது சிவப்பாக இருந்தால் அது டார்க் கன்வெர்ட்டர் பக்கத்து எண்ணெய்.

அடுத்தபடி, எஞ்சினின் பின்பகுதியை மேலிருந்து கீழ்வரை எண்ணெய்ப் பிசுக்கு நீங்கக் கழுவி, உலரவிட்டு, சந்தேகப்படும் இடங்களில் முகப்பவுடரைத் தூவி, ஈப்போ வரை ஒரு நடை போய்வந்து பார்க்க வேண்டும். பவுடர் எங்கே முதலில் நனைந்திருக்கிறதோ அங்கேதான் தோற்றுவாய். எண்ணெயில் ஒளிரும் சாயத்தைக் கலந்து, புற ஊதா விளக்கு அடித்துப் பார்ப்பது இன்னும் துல்லியம். அந்தச் சாயமும் விளக்கும் பெரிய விலையல்ல. மேலேயிருந்து வழிந்த தடம் ஒன்றும் இல்லாமல், பெல் ஹவுசிங்கின் அடித்துளையில் மட்டும் கறுப்பு எண்ணெய் நின்றால் பின் சீலை நம்பிக்கையோடு குற்றம் சாட்டலாம். அப்போதும் சீலைத் தாங்கும் அலுமினியத் துண்டுக்கும் பிளாக்குக்கும் இடையிலுள்ள பசைப் பூச்சு விட்டிருக்க வாய்ப்பு உண்டு. அதைக் கியர்பாக்ஸ் இறங்கிய பிறகுதான் உறுதிசெய்ய முடியும்.

எண்ணெய் ஊற்றி ஓட்டுவது

இதைச் சோம்பேறித்தனம் என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கணக்கோடு செய்தால் இதுவும் ஒரு முறையான தெரிவுதான். ஒரு மில்லி லிட்டரில் ஏறத்தாழ 20 முதல் 30 துளி எண்ணெய் அடங்கும். இரவு முழுவதும் 40 துளி சொட்டி, காலையில் சிமெண்டுத் தரையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை படிந்திருந்தாலும், போனது இரண்டு மில்லி லிட்டர்தான். தரைக் கறை வீட்டிலுள்ளவர்களைக் கலவரப்படுத்தும் அளவுக்கு எஞ்சினைப் பாதிப்பதில்லை. உண்மையான இழப்பு வண்டி ஓடும்போது நிகழ்வது. அது கறையில் தெரியாது, எண்ணெய் அளவுக்கோலில்தான் தெரியும். சமதரையில் நிறுத்தி, எஞ்சின் ஆறிய பின் அளவைக் குறித்துக்கொண்டு, 1000 கிலோமீட்டர் ஓடியதும் அதே இடத்தில் மறுபடி பார்த்தால் எவ்வளவு குறைந்தது என்பது தெளிவாகிவிடும்.

1000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் குறைகிறது, மாதம் 1500 கிலோமீட்டர் ஓட்டம், எண்ணெய் லிட்டர் 20 ரிங்கிட் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். மாதம் 15 ரிங்கிட், ஆண்டுக்கு 180 ரிங்கிட். கிளட்சோடு சேர்த்துச் சீலை மாற்ற 1000 ரிங்கிட் ஆகும் என்றால், எண்ணெய் மிச்சத்தை மட்டும் வைத்து அந்தப் பணத்தை மீட்க ஐந்து ஆண்டுக்கு மேல் பிடிக்கும். ஆக, எண்ணெய்ச் செலவு ஒருபோதும் கியர்பாக்ஸை இறக்குவதற்கான காரணம் ஆகாது. அதற்கான காரணங்கள் மூன்று: எண்ணெய் கிளட்ச் தட்டில் படிவது, சூடான புகைக்குழாயில் தெறித்துப் புகைவது, அளவு தெரியாமல் குறைந்து ஒருநாள் எஞ்சினே வறண்டுபோவது. மூன்றில் எதுவும் தொடங்காத வரை, வாரம் ஒருமுறை அளவுக்கோலைப் பார்க்கும் ஒழுங்கு உள்ளவர் ஊற்றி ஓட்டலாம். அந்த ஒழுங்கு இல்லாதவருக்கு இந்த வழி ஒத்துவராது. வண்டியைப் பலர் மாற்றி மாற்றி ஓட்டும் இடங்களிலும் ஒத்துவராது. ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்திருப்பார் என்று விட்டுவிடுவதுதான் அங்கே வழக்கம்.

ஓர் எச்சரிக்கை: ஒழுகுகிறதே என்று அளவுக்கோலின் மேல்கோட்டுக்கு மேலும் ஊற்றி வைப்பவர்கள் இருக்கிறார்கள். எண்ணெய் மிகுந்தால் கிராங்க் அதை அடித்து நுரைக்க வைக்கும், ஒழுக்கும் கூடும். மலைப்பாதையில் ஏறும்போது சம்ப்பிலுள்ள எண்ணெய் பின்னுக்குச் சாய்வதால் பின் சீலின் பாடு இன்னும் கஷ்டம்.

போத்தல் மருந்தும் கெட்டியான எண்ணெயும்

ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கிடைக்கும் ஒழுக்கு நிறுத்தும் திரவங்கள் பெரும்பாலும் ரப்பரை இளக்கிச் சற்றே உப்பவைக்கும் வேதிப்பொருள்கள். இறுகிப்போன நைட்ரைல் உதட்டில், ஒழுக்கு சிறிதாக இருக்கும் கட்டத்தில், இவை சில மாதங்களுக்கு உதவக்கூடும். உதடு கிழிந்திருந்தாலோ, தண்டில் பள்ளம் விழுந்திருந்தாலோ, உள்ளே வாயு அழுத்தம் மிகுந்திருந்தாலோ ஒரு பயனும் இல்லை. டெஃப்லான் உதட்டை இவை இளக்குவதும் இல்லை. விலை குறைவு என்பதால் ஒருமுறை முயன்று பார்ப்பதில் தவறு காண மாட்டேன். இரண்டாம் போத்தல் வாங்குவது வீண். பிரேக் எண்ணெயைச் சிறிது கலந்தால் சீல் உப்பிக்கொள்ளும் என்ற பட்டறைப் பேச்சும் உண்டு. உப்பத்தான் செய்யும், எஞ்சினிலுள்ள மற்ற ரப்பர்களையும் அது சேர்த்துக் கெடுக்கும், எண்ணெயின் தன்மையையும் கெடுக்கும். அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

எண்ணெயின் தடிப்பைக் கூட்டுவது இதைவிட நேர்மையான தற்காலிக வழி. குளிர்நாடுகளில் கெட்டியான எண்ணெய் காலை நேரத்தில் எஞ்சினைத் திணறடிக்கும். பேராக்கில் அந்தக் கவலை இல்லை. 10டபிள்யூ-30 தடிப்புள்ள எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தவர், தயாரிப்பாளர் கையேடு அனுமதிக்கும் எல்லைக்குள் 15டபிள்யூ-40க்கு மாறினால் ஒழுக்கு சற்றுத் தணியலாம். ஏற்கெனவே 15டபிள்யூ-40 ஊற்றுகிறவர் அதற்கு மேல் போவதில் பெரிய ஆதாயம் இருக்காது.

அழுத்தத்தைப் பார்க்காமல் சீலைத் தொடாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருக்கிறவர் இதைப் படிக்கட்டும். எஞ்சின் ஓடும்போது பிஸ்டன் வளையங்களைத் தாண்டிச் சிறிது வாயு கீழே இறங்கும். அது மூச்சுக்குழாய் வழியாக வெளியேறிக் காற்று உறிஞ்சும் பாதைக்குப் போய்விட வேண்டும். பெட்ரோல் வண்டியில் அந்தப் பாதையில் பிசிவி வால்வ் ஒன்று இருக்கும். ஹைலக்ஸ் டீசலில் வால்வ் மூடியிலிருந்து டர்போவின் முன்குழாய்க்குப் போகும் ரப்பர் குழாய்தான் மூச்சுக்குழாய். அது பிசின் பிடித்து அடைத்தாலோ, மடங்கி நசுங்கினாலோ, வாயு வேறு வழி தேடும். அதற்குக் கிடைக்கும் வலுவற்ற வழிகளில் ஒன்றுதான் பின் சீல். சீல் நன்றாக இருந்தும் ஒழுகும். புதிதாகப் போட்ட சீலும் அதே கதிக்கு ஆளாகும்.

இந்த எஞ்சின் குடும்பத்துக்கே உரிய இன்னொரு நோய் இன்ஜெக்டர் அடியிலுள்ள செம்பு வாஷர் தேய்வது. அது விட்டுப்போனால் சிலிண்டரில் எரிந்த வாயு நேராக வால்வ் மூடிக்குள் புகுந்து எஞ்சினின் உள்ளறையை அழுத்தும். இதனால் எண்ணெய் கறுத்துத் தார்போல் இறுகி, சம்ப்பில் எண்ணெய் உறிஞ்சும் வலையையே அடைத்துவிடக் கூடும். அப்படி அடைத்தால் டர்போவும் பேரிங்கும் எண்ணெயின்றித் தவிக்கும். பின் சீல் ஒழுகுகிறது என்று வந்த வண்டியில் உண்மையான வியாதி இதுவாக இருந்து, சீலை மட்டும் மாற்றி அனுப்பினால், நாம் அறிகுறியை மூடிவிட்டு நோயை வளர்த்தவர்கள் ஆவோம். எண்ணெய் மூடியைக் கழற்றி உட்புறம் பாருங்கள். கரித்தூள் கலந்த தார்ப் பிசுக்கு ஒட்டியிருந்தால் இன்ஜெக்டர் வாஷரைச் சந்தேகிக்க வேண்டும்.

சோதனை எளியது. எஞ்சினைச் சூடாக்கி, நின்ற ஓட்டத்தில் விட்டு, எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருகாமல் துளையின் மேல் தலைகீழாக வைக்க வேண்டும். டீசல் எஞ்சினில் மூடி லேசாகத் துடிப்பது இயல்பு. துள்ளித் துள்ளி விழுந்தாலோ, அளவுக்கோல் தானாக மேலே தள்ளப்பட்டாலோ, அழுத்தம் மிகுதி. மூச்சுக்குழாயைக் கழற்றி டீசலில் கழுவி, ஊதிப் பார்த்து மாட்டிவிட்டு மறுபடி சோதித்தால், கோளாறு குழாயிலா உள்ளேயா என்று பிரிந்துவிடும்.

செலவில்லாத இன்னொரு சோதனையும் உண்டு. எஞ்சினை நிறுத்திவிட்டு ஒருவர் கிளட்ச் மிதியை அழுத்தி அழுத்தி விட, மற்றொருவர் முன்புறத்துக் கிராங்க் கப்பியைக் கவனிக்க வேண்டும். கப்பி முன்னும் பின்னும் கண்ணுக்குத் தெரியும்படி நகர்ந்தால், கிராங்கின் முன்பின் ஆட்டத்தைத் தடுக்கும் உந்து வாஷர்கள் தேய்ந்திருக்கின்றன. அத்தகைய எஞ்சினில் எந்த நிறுவனத்துச் சீலும் நெடுநாள் நிற்காது.

கழுவி, சோதித்து, மூச்சுக்குழாயைச் சுத்தம் செய்து, தேவைப்பட்டால் செம்பு வாஷர்களை மாற்றி, ஒரு மாதம் ஓட்டிப் பார்ப்பதையே நான் முதல் வழியாக வைப்பேன். ஒழுக்கு நின்றுவிட்டால் கியர்பாக்ஸ் கூலி மிச்சம். நிற்காவிட்டாலும், புதிய சீலுக்கு நல்ல இடம் அமைத்துக் கொடுத்ததாக ஆகும்.

கியர்பாக்ஸை இறக்குவதானால்

நான்கு சக்கர இயக்க வண்டியில் இது சின்ன வேலையல்ல. பாட்டரி இணைப்பைக் கழற்றி, முன் பின் இரண்டு புரொப்பெல்லர் ஷாஃப்டுகளையும் எடுத்து, உள்ளேயிருந்து கியர்த் தண்டுகளை நீக்கி, ஸ்டார்ட்டர் மோட்டாரையும் கிளட்சின் கீழ் சிலிண்டரையும் விடுவித்து, குறுக்குச் சட்டத்தைக் கழற்றி, கியர்பாக்ஸையும், முன் பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் சேர்த்துக் கீழிறக்க வேண்டும். பிறகு கிளட்ச், பிறகு ஃப்ளைவீல், அதற்குப் பின்னால்தான் சீல். கியர்பாக்ஸ் ஜாக்கி இல்லாத பட்டறையில் இதைக் கொடுக்கவே வேண்டாம். முழுப் பாரமும் கியர்பாக்ஸின் முன்தண்டில் தொங்கினால் கிளட்ச் தட்டு வளைந்துவிடும்.

இவ்வளவு திறந்த பிறகு சீலை மட்டும் மாற்றுவதா, கிளட்சையும் மாற்றுவதா என்பதில்தான் வண்டிக்காரருக்கும் போமனுக்கும் இடையே சந்தேகம் எழுகிறது. என் அளவுகோல் இதுதான்: கிளட்ச் தட்டில் எண்ணெய் ஊறியிருந்தால் பேச்சே இல்லை, மாற்ற வேண்டும், உராய்வுப் பொருளில் ஊறிய எண்ணெயைப் பெட்ரோலில் கழுவினாலும், சூடேறும்போது மீண்டும் கசிந்து கிளட்ச் நழுவும். தட்டு காய்ந்திருந்து, பாதிக்கு மேல் தடிப்பு இருந்தால் வைத்துக்கொள்ளலாம். தட்டு மாற்றுகிற நிலைமையில் அழுத்தத் தட்டையும் விடுவிப்புப் பேரிங்கையும் சேர்த்து ஒரே செட்டாக மாற்றுவது நல்லது. இவை எப்படி இருந்தாலும் கிராங்கின் நுனியிலுள்ள சிறு பேரிங்கையும், கியர்பாக்ஸ் முன்தண்டு சீலையும் மாற்றிவிடச் சொல்லுங்கள். கிளட்சையும் சேர்த்துவிடலாம் என்று போமன் சொன்னால் அது பணம் பறிக்கும் பேச்சு என்று உடனே நினைத்துவிட வேண்டாம். பழைய தட்டைக் கையில் வாங்கிப் பார்த்தால் யார் சொல்வது நியாயம் என்று தெரிந்துவிடும்.

சீலைத் தேர்ந்தெடுப்பதில் மிச்சம் பிடிப்பது கணக்குத் தெரியாத செயல். அசல் டொயோட்டா பொருளோ, ஜப்பானின் என்ஓகே போன்ற பெயர்பெற்ற தயாரிப்போ வாங்க வேண்டும். விலை வேறுபாடு சில பத்து ரிங்கிட்; தவறினால் மறுபடி கொடுப்பது முழுக் கூலி.

பழைய சீல் உரசிய இடத்தில் தண்டைத் துடைத்து நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் புதிய சீலும் அங்கே ஒழுகும். மூன்று மாற்று உண்டு. தாங்கியில் இடம் இருந்தால் சீலை ஒன்றிரண்டு மில்லி மீட்டர் தள்ளி அமர்த்தி, உதடு தேயாத பகுதியில் படும்படி செய்யலாம். காசு செலவில்லை, பல நேரங்களில் இதுவே போதும். அல்லது எஸ்கேஎஃப் தயாரிக்கும் மெல்லிய எஃகு உறையைத் தண்டின் மேல் ஏற்றலாம். அதன் தடிப்பு 0.28 மில்லி மீட்டர் மட்டுமே என்பதால் அதே அளவுச் சீல் பொருந்தும், ஆனால் கோணாமல் ஏற்றப் பொறுமையான கை வேண்டும். கிராங்கைக் கழற்றி மெருகேற்றுவது மூன்றாவது. எஞ்சினை வேறு காரணத்துக்குப் பிரிக்கும்போது மட்டுமே அது பொருளுடையது.

பொருத்தும் முறையில் ஒரு நுட்பம் பெரிதும் மறக்கப்படுகிறது. ரப்பர் உதடு கொண்ட சீலுக்குச் சுத்தமான எஞ்சின் எண்ணெய் தடவித்தான் பொருத்த வேண்டும். காய்ந்து சுழன்றால் முதல் நிமிடத்திலேயே உதடு கருகும். டெஃப்லான் உதட்டுக்கு நேர்மாறு: சீலும் தண்டும் காய்ந்திருக்க வேண்டும், பொருத்திய பின் உதடு தண்டின் வடிவத்துக்கு அடங்கச் சில மணி நேரம் விட்டுத்தான் எஞ்சினைக் கிளப்ப வேண்டும். போமனிடம் இது எந்த வகைச் சீல் என்று கேட்பதில் கூச்சம் தேவையில்லை. தாங்கியைக் கழற்றிப் பழைய பசையைச் சுரண்டி, புதுப் பசை இட்டு மாட்டினால், அந்த இணைப்பில் ஒழுகும் வாய்ப்பும் அடைபடும். ஃப்ளைவீல் போல்ட்டுகளை டார்க் ரென்ச் கொண்டு குறிப்பிட்ட அளவுக்கு முடுக்குவது, ஊகத்துக்கு விடத்தக்க வேலையன்று.

எங்கே கொடுப்பது? சுங்கை சிப்புட் பட்டணத்திலேயே தெரிந்த போமனிடம் கொடுத்தால் கூலி குறைவு. வேலையை நேரில் பார்க்கலாம். பிறகு குறை இருந்தாலும் போய்ச் சொல்ல முடியும். ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஈப்போவில் கிளட்ச், கியர்பாக்ஸ் வேலையை மட்டுமே செய்யும் பட்டறைகளிடம் கருவிகளும் பழக்கமும் அதிகம். அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்தில் உத்தரவாதம் உண்டு, விலையும் அதற்கேற்ப உயரும். பதினைந்து வயது வண்டிக்கு அந்தச் செலவு பெரும்பாலும் பொருந்தாது. கியர்பாக்ஸ் ஜாக்கியும் டார்க் ரென்சும் இருக்குமானால் நான் பட்டணத்துப் போமனையே தேர்ந்தெடுப்பேன். எஃகு உறை ஏற்றும் நிலை வந்தால் மட்டும் ஈப்போ.

எப்போது கொடுப்பது என்பதும் முடிவின் ஒரு பகுதி. செம்பனையை ஏறத்தாழ பத்து முதல் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வெட்டுகிறோம். வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குச் சேர்க்காவிட்டால் எண்ணெயின் தரம் குறையும். ஆகவே வண்டியை ஒரு சுற்று முடிந்த மறுநாள் பட்டறையில் விட வேண்டும், அடுத்த சுற்றுக்கு முந்தின நாள் அல்ல. ஆண்டில் விளைச்சல் தணிவது ஜனவரி, பிப்ரவரி மாதங்கள். உச்சம் செப்டம்பர், அக்டோபரை ஒட்டி. பெரிய வேலைக்குத் தணிந்த காலமே பொருத்தம் என்றாலும், சீனப் புத்தாண்டு அதே காலத்தில் வந்து உதிரிப்பாகக் கடைகள் பல நாள் மூடிக்கிடக்கும்; சீலையும் கிளட்ச் செட்டையும் முன்னதாகவே வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்க வேண்டும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் ஊர்ப்பயணத்துக்காக எல்லாரும் வண்டியைத் தயார் செய்வதால் பட்டறையில் அவசரம் மிகும். அவசர வேலைக்கு இந்தச் சீல் இடம் கொடுக்காது.

ஹாஃப் கட் எஞ்சின்

சீல் ஒழுகுகிறது என்பதற்காக மட்டும் எஞ்சினையே எடுத்துவிட்டு ஹாஃப் கட்டை, அதாவது பழைய வண்டியிலிருந்து வெட்டியெடுத்து விற்கும் எஞ்சினை, மாட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள். வளையம் தேய்ந்து, புகை கக்கி, கிராங்கும் ஆடுகிற எஞ்சினுக்குத்தான் அந்த யோசனை. அப்போதும் கடையில் மாதக்கணக்கில் கிடந்த எஞ்சினின் பின் சீல் காய்ந்திருக்கும்; தரையில் இருக்கும்போதே புதுச் சீலைப் போடாமல் வண்டியில் ஏற்றினால், பழைய ஒழுக்கைப் புது எஞ்சினோடு விலைக்கு வாங்கியதாகும். எஞ்சின் எண் மாறுவதால் சாலைப் போக்குவரத்துத் துறையில் பரிசோதனையும் பதிவும் செய்ய வேண்டிய அலைச்சலும் இருக்கிறது.

வேறு வண்டிகள்

பழைய புரோட்டோன் சாகாவிலும் பின் சீல் இதே தத்துவத்தில்தான் வேலை செய்கிறது. முன்சக்கர இயக்கம் என்பதால் கியர்பாக்ஸ் சிறியது, இறக்குவது எளிது. ஆனால் வண்டியின் சந்தை விலையோடு ஒப்பிட்டால் கூலி பெரிதாகத் தோன்றும். பட்டணத்துக்குள் பள்ளிக்கும் பசாருக்கும் ஓடும் சாகாவுக்கு, பிசிவி வால்வை மாற்றிவிட்டு எண்ணெய் ஊற்றி ஓட்டுவதே போதும். கிளட்ச் தேய்ந்து தானாகக் கியர்பாக்ஸ் இறங்கும் நாளில் சீலையும் சேர்த்துக்கொள்ளலாம். தோட்டங்களில் இன்னும் உயிரோடிருக்கும் மேஸ்ஸி ஃபெர்குசன் 135 டிராக்டரின் பெர்கின்ஸ் மூன்று சிலிண்டர் டீசலில் வட்டச் சீலுக்குப் பதில் இரண்டு பாதியாக அமைந்த கயிற்றுச் சீல் இருக்கும். கயிற்றுச் சீல் ஓரளவு வியர்ப்பது அதன் இயல்பு. அதை மாற்ற டிராக்டரையே நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டியிருப்பதால், கிளட்ச் நழுவும் வரை பொறுத்திருப்பதுதான் புத்திசாலித்தனம்.

வேலை முடிந்த பிறகு

முதல் நாள் எண்ணெய் அளவைக் குறித்துக்கொண்டு, 500 கிலோமீட்டர் ஓடியதும் பெல் ஹவுசிங்கின் அடித்துளையில் விரலை விட்டுப் பார்க்க வேண்டும். பழைய எண்ணெய் உள்ளே தேங்கியிருந்து முதல் சில நாள் கசிவது உண்டு. பட்டறையிலேயே உட்புறத்தை நன்றாகக் கழுவச் சொல்லியிருந்தால் இந்தக் குழப்பம் வராது. 500 கிலோமீட்டருக்குப் பிறகும் புதிய எண்ணெய் நின்றால் உடனே திருப்பிக் கொண்டுபோக வேண்டும். நாள் கடந்தால் போமனும் பொறுப்பேற்கத் தயங்குவார்.

வடித்தெடுத்த ஏறத்தாழ ஏழு லிட்டர் பழைய எண்ணெயைச் செம்பனை வரப்பிலோ கால்வாயிலோ ஊற்றக் கூடாது. 2005ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிமுறைகளில் பழைய மசகு எண்ணெய் எஸ்டபிள்யூ 305 என்ற குறியீட்டில் இடம்பெறும் கழிவு. மலேசிய நிலைத்த செம்பனைச் சான்றிதழ் 2020 ஜனவரி முதல் கட்டாயமாகிவிட்ட நிலையில், சிறுதோட்டக்காரரின் நிலத்திலும் தணிக்கையாளர் இத்தகைய எண்ணெய்க் கறையைக் கவனிக்கக் கூடும். வேலையைப் பட்டறையில் செய்தால் எண்ணெயையும் அங்கேயே விட்டுவிட்டு, உரிமம் பெற்றவர் வந்து எடுத்துப்போகிறாரா என்று கேட்டுக்கொள்ளலாம்.